வாரத்துக்கு ஒரு புள்ளி

உங்கள் கண் பரிசோதனைக் கருவியில் எந்தக் கோளாறும் இல்லை டாக்டர். மாமாவை மூன்று முறை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு நீங்கள் அதையே சந்தேகப்பட்டீர்கள் என்று அக்கா சொன்னாள். நல்ல கருவியின் மேல் வீண்பழி விழக் கூடாது. அதற்காகத்தான் வந்தேன்.

மாமா என்றால் அக்காவின் கணவர். கட்டடம் எழும்புகிற இடத்தில் கிரேன் ஓட்டுபவர். வேலையில்லாமல் நான் அவர் வீட்டில் இருப்பது இது நான்காவது வருடம். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பழைய வீடியோ கேம்களைக் கம்ப்யூட்டர் வழியாக டிவியில் ஓடவைக்கும் எமுலேட்டரை நான்தான் போட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் இருவரும் மாறி மாறி ஒரு விமான ஆட்டம் ஆடுவோம்.

அந்த ஆட்டங்கள் அந்தக் காலத்துச் சதுர டிவிக்காக வரையப்பட்டவை. நாலுக்கு மூன்று விகிதத்தில்தான் பார்க்க வேண்டும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். மாமாவோ, "இவ்ளோ பெரிய டிவிய வாங்கிட்டு ஓரத்துல ஏன் மாப்ள காலியா விடணும்?" என்று படத்தைத் திரை முழுக்க இழுத்துவிடுவார். நிலா முட்டையாகிவிடும். நான் சரிசெய்வேன், அவர் மறுபடி இழுப்பார். பதினோரு முறை சொன்னேன், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அந்த முட்டை நிலாவோடு என்னை ஜெயிக்கவும் செய்தார். அக்கா கைதட்டிச் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

எமுலேட்டர் செட்டிங்கில் மங்கல் என்று ஓர் அளவு உண்டு. பழைய டிவியின் மென்மை வருவதற்காக வைத்தது. பூஜ்யத்திலிருந்து இருபது வரை போகும். வாரத்துக்கு ஒரு புள்ளி கூட்டி, அந்த ஆட்டத்துக்கு மட்டும் சேமித்து வைத்தேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

எட்டாவது வாரம் மாமா கண்ணைக் கசக்கினார். "உனக்குத் தெளிவா தெரியுதா மாப்ள?"

"தெரியுதே மாமா."

எதிரி விமானங்கள் வரும் வரிசை எனக்கு மனப்பாடம். அதனால் என் ஆட்டம் குறையவில்லை.

டிவியில் செய்தி வாசிப்பவர் தெளிவாகத்தானே தெரிந்திருப்பார் என்பீர்கள். அதற்கும் மாமாவே காரணம் கண்டுபிடித்தார். "பெருசா, ஒரு எடத்துல நிக்கிறதெல்லாம் நல்லாத் தெரியுது. சின்னதா, வேகமா அசையுறதுதான் மங்குது." கிரேன் கொக்கியும் அப்படிப்பட்டதுதான். உங்கள் எழுத்துப் பலகை அசைவதில்லை. அதனால்தான் நல்ல கண் என்று நீங்கள் சொன்னதை அவர் நம்பவில்லை.

பத்தாவது வாரம் படத்தை இழுப்பதையும் விட்டுவிட்டார். "உன் இஷ்டப்படியே வச்சுக்க மாப்ள, எனக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அப்போதுதான் நான் ஜெயிக்க ஆரம்பித்திருந்தேன்.

இருபதாவது வாரம் என் தோளில் கை வைத்தார். "கீழ ஆளுங்க நிக்கிறாங்க மாப்ள. கண்ணு போகுதுன்னா நான் மேல ஏறக் கூடாது. மறைக்காம சொல்லு, இப்ப உனக்கு எப்படித் தெரியுது?"

திரையில் விமானம் எது, மேகம் எது என்று எனக்கே தெரியவில்லை. "பளிச்சுன்னு தெரியுது மாமா" என்றேன். மறுநாள் காலை கிரேன் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது அதில் வேறு ஆள். மாமா அதே இடத்தில் வாசல் கேட் பக்கத்தில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிறார். அக்கா அழுகிறாள். எனக்கும் வருத்தம்தான்.

அவர் இப்போது டிவி முன்னால் உட்காருவதே இல்லை. தனியாக ஆடி எத்தனை நாள் ஜெயிப்பது? அதனால் ஓர் உதவி செய்யுங்கள். பவர் இல்லாத கண்ணாடி ஒன்று எழுதிக் கொடுங்கள். அதைப் போட்டுக்கொண்டு உட்காருகிற அன்று நான் அளவைப் பத்துக்குக் குறைத்துவிடுகிறேன். பூஜ்யம் வரை குறைப்பது அதிகப்படி.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்கிறீர்கள். நானும் யோசித்தேன். தன் கண்ணை நம்ப மாட்டேன் என்கிறார், உங்களை நம்ப மாட்டேன் என்கிறார். இந்த உலகத்தில் அவர் நம்புவது என் பேச்சை மட்டும்தான். அதையும் அவரிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை.