அறைச் சத்தம்

காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன். பல் துலக்கிவிட்டுத் தெருமுனைக் கடைக்குப் போய் அரை லிட்டர் பால் வாங்கி வருவேன். வந்ததும் முழுவதையும் காய்ச்சிவிட வேண்டும். எனக்கு ஒரு தம்ளர் காபிதான். மீதி மத்தியானத்துக்குள் திரிந்துவிடும், கொட்டிவிடுவேன். கால் லிட்டர் பாக்கெட் அந்தக் கடைக்கு வருவதில்லை. வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது. ப்ளக்கைப் பிடுங்கி ஐந்து மாதம் ஆகிறது. ஒரு ஆளுக்கு எதற்கு ஃப்ரிட்ஜ் என்று கேட்பவர்களிடம் சொல்லிவந்தேன்.

நேற்று விசாரணைக் குழுவிலிருந்து நீங்கள் வந்தபோது குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் கேட்டீர்கள். ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்றேன். "ப்ளக்கே போடலையே சார்," என்று சிரித்துக்கொண்டே நீங்களே செருகினீர்கள். அது இரண்டு முறை கனைத்துவிட்டு ஓட ஆரம்பித்தது. நீங்கள் காலித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜையே பார்த்தபடி நின்றீர்கள். பிறகு, "நாளைக்கு ஆபீசுக்கு வந்து எல்லாத்தையும் எழுதிக் குடுத்துடுங்க," என்று மட்டும் சொன்னீர்கள். ஊரெல்லாம் பரவிய அந்த ஆடியோவை நீங்கள் நூறு முறையாவது கேட்டிருப்பீர்கள். நல்ல காது உங்களுக்கு. எங்கள் தொழிலுக்கு வந்திருக்கலாம்.

என் மனைவி இந்த ஊரின் மேயராக இரண்டு வருடம் இருந்தாள். இறந்தபோது வயது முப்பத்திரண்டு. நான் செய்திச் சேனலில் ஒலித் தொகுப்பாளன். கல்லூரியிலேயே பழக்கம். பேச்சுப் போட்டியில் அவள் பேசுவாள், நான் மைக்கைப் பார்த்துக்கொள்வேன். "நான் பேசறேன், நீ சத்தத்தைக் கூட்டு. ரெண்டு பேரும் சேர்ந்தா இந்த ஊரையே வாங்கிடலாம்," என்பாள். கல்யாணமாகி ஒன்பது வருடம். குழந்தை இல்லை.

அந்த ஃப்ரிட்ஜ் என் அப்பா வாங்கிக் கொடுத்தது. ஒரு கால் கட்டை என்பதால் அட்டையை மடித்து அடியில் வைத்திருக்கிறோம். ஓடத் தொடங்கும்போதெல்லாம் இரண்டு முறை கனைக்கும். அப்பாவும் வீட்டுக்குள் நுழையும்போது அப்படித்தான் கனைப்பார். அதனால் அவள் அதற்கு மாமா என்று பெயர் வைத்தாள். "மாமா கனைக்கிறாரு, நல்ல பிள்ளையா நகர்ந்து உக்காரு," என்பாள். அப்பா போன பிறகும் சொன்னாள். முதலில் சிரித்தேன். நாளாக ஆக அந்தச் சத்தமே என் காதில் விழாமல் போயிற்று.

குடிநீர்த் திட்டத்துக்காக ஒரு இன்ஜினியர் வந்தார். ஊர் அவரைக் குழாய்க்காரர் என்றது. அவளும் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்வாள். தினமும் காலையில் அவரோடு போனில் பேசுவாள். பள்ளம் தோண்டுவது, வால்வு, எந்தத் தெருவில் யார் தகராறு செய்கிறார்கள், இதுதான் பேச்சு. நடுவில் சிரிப்பாள். அடுத்த அறையில் நான் என் பதிவுக் கருவியை ஓடவிட்டிருப்பேன். தொழில் பழக்கம். ஒரு மாதம் சேர்த்து அளந்து பார்த்தேன். அவரோடு பேசும்போது அவள் சிரிப்பு சராசரியாக நான்கு விநாடி நீடித்தது. என்னோடு பேசும்போது ஒன்றரை.

கண்ணுக்குத் தப்புவது காதுக்குத் தப்பாது. எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஆதாரம் கிடைக்கவில்லை. அவள் போனைப் பார்த்தேன், டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன், இரண்டு முறை பின்னாலேயே போனேன். எல்லாம் பள்ளமும் குழாயும்தான். உண்மை இருந்து ஆதாரம் இல்லாமல் போவது செய்தித் தொழிலில் புதிதல்ல.

பொதுவாழ்க்கைக்கு வந்தவர்களின் அந்தரங்கத்தை ஊர் எடைபோடலாமா என்று விசாரணைக் குழு எல்லோரிடமும் கேட்கிறது. என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். அவள் சிரிப்பைப் பார்த்து ஓட்டுப் போட்டவர்களுக்கு அந்தச் சிரிப்பு யாருக்கானது என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்று அப்போது நினைத்தேன். தீர்ப்பு சொல்வது என் வேலை இல்லை. விஷயத்தை அவர்கள் முன்னால் வைப்பது மட்டும்தான் நான் செய்தது.

அந்த ஆடியோ நாற்பத்தொரு விநாடி. என் வார விடுமுறை நாளில், அவள் மாநகராட்சிக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, சமையலறை மேஜையில் உட்கார்ந்து செய்தேன். "இன்ஜினியர் சார்" என்பதை அவளுடைய காலைப் பேச்சிலிருந்து எடுத்தேன். மற்றதெல்லாம் அவள் வெளியூர்ப் பயிற்சிக்குப் போயிருந்த இரண்டு வாரத்தில் பேசி அனுப்பிய குரல் செய்திகள். "நீ பக்கத்துல இல்லாம தூக்கமே வரமாட்டேங்குது. உன் சட்டை ஒண்ணை எடுத்துட்டு வந்திருக்கேன், சிரிக்காத." "வந்ததும் ஒரு நாள் பூரா கதவைத் திறக்கவே கூடாது, சொல்லிட்டேன்." அவை எனக்கு அனுப்பியவை. நல்ல தெளிவான பதிவுகள். வைத்திருந்தேன்.

யாரும் பேசாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. மின்விசிறி, தெரு, சுவர் எல்லாம் கலந்த ஒன்று. நாங்கள் அறைச் சத்தம் என்போம். வெட்டி ஒட்டிய இடங்களில் அதைப் பூசாவிட்டால் பள்ளம் விழும், கேட்பவனுக்குத் தெரிந்துவிடும். அதனால் எங்கே பதிவுக்குப் போனாலும் அரை நிமிடம் எல்லோரையும் வாயை மூடச் சொல்லி வெறும் அறையைப் பதிவு செய்துகொள்வோம். அன்று வீட்டில் நான் மட்டும்தான். வாயை மூடிக்கொண்டு எங்கள் சமையலறையைப் பதிவு செய்தேன். நாற்பத்தொரு விநாடிக்கும் அடியில் அதை விரித்தேன். நல்ல ஹெட்ஃபோனில் ஆறு முறை கேட்டுப் பார்த்தேன். ஒட்டுத் தெரியவில்லை. போட்டிச் சேனலில் ஒருவனுக்கு, வேறு எண்ணிலிருந்து அனுப்பினேன்.

மற்றது ஊருக்கே தெரியும். ஆடியோ வெளியான அன்று மதியமே டீக்கடையில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. இங்கே எழுத வேண்டாம். குழாய்க்காரரின் மனைவி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மாநகராட்சி வாசலில் ஒரு கூட்டம், எங்கள் வீட்டு வாசலில் ஒரு கூட்டம்.

எங்கள் சேனலும் விவாதம் வைத்தது. ஆசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டு, "லீவு போட்டுட்டுப் போப்பா, உன்னை இதுல உக்கார வைக்க எனக்கே கூசுது," என்றார். வேலை வேலைதான் என்று உட்கார்ந்தேன். வந்திருந்த வக்கீல் அம்மா, "அவங்க படுக்கையறைக்கும் நம்ம குடிதண்ணிக்கும் என்னங்க சம்பந்தம்? தண்ணி வருதா இல்லையா, அதைக் கேளுங்க. இதே ஒரு ஆம்பளை மேயரா இருந்திருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பீங்க," என்றார். எதிரே ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். "கட்டின புருஷனை ஏமாத்தறவங்க ஓட்டுப் போட்டவனை ஏமாத்த எவ்வளவு நேரம் ஆகும்? நெருப்பில்லாம புகையுமா?" என்றார். அவர் குரல் கம்மியது. அவருடைய மைக்கைக் கொஞ்சம் ஏற்றிவிட்டேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அவள் அடுத்த மூன்று நாளும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. இதைப் புரிந்துகொள்ள வேண்டும். அவளுக்குக் கெடுதல் நினைத்தவன் இல்லை நான். ஊர் கைவிடும், பதவி போகும், குழாய்க்காரரும் விலகுவார். அப்போது கூடவே நிற்பவன் நான் ஒருவன்தான். மன்னிக்கத் தயாராக இருந்தேன். நினைத்தபடியே நடந்தது. ராஜினாமாக் கடிதம் எழுதி என்னிடம்தான் திருத்தக் கொடுத்தாள். நான் சமைத்ததைச் சாப்பிட்டாள். ஜன்னலை மூடிக்கொண்டு இருவரும் சீட்டு விளையாடினோம். "ஊரே காறித் துப்புது, நீ மட்டும் எப்படிடா ஒரு வார்த்தை கேக்கல?" என்றாள். உன்னை எனக்குத் தெரியாதா என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை ஏழு விநாடி சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு நன்றாக இருந்த நாட்கள் வேறு இல்லை.

ஆடியோவை அவள் முழுதாகக் கேட்டிருக்கவில்லை. டிவியில் பாதி வார்த்தையை மறைத்து, பின்னணி இசை போட்டுத்தான் ஒளிபரப்பினார்கள். "குரல் என்னுதுதான், ஆனா நான் எங்க பேசினேன்?" என்பாள். முழுசாகக் கேள் என்று யாராவது சொன்னால், "ஊரே கேட்டாச்சு, நான் வேற கேக்கணுமா," என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான்காம் நாள் மதியம் வக்கீல் அம்மா போன் செய்தார். புகார் கொடுக்க வேண்டுமானால் முழுதும் கேட்டு, எது தன் பேச்சு, எது இல்லை என்று அவளே எழுதித் தர வேண்டும் என்றார்.

அவள் என் ஹெட்ஃபோனைக் கேட்டாள். கொடுத்தேன். கொடுக்காமலிருக்கக் காரணம் எதுவும் தோன்றவில்லை.

வாசலில் அப்போது டயர் எரித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலை மூடியும் புகை வந்தது. அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. சின்ன வயதிலிருந்தே. இன்ஹேலர் எப்போதும் ஃப்ரிட்ஜின் மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டில் இருக்கும். அவள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஆடியோவைக் கேட்டாள். முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி கேட்டாள். இரண்டாம் முறை நடுவிலேயே ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். அதன் பிறகு என்னைப் பார்த்தாள்.

இருமல் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. நாற்காலியிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு நான்கு எட்டுத் தூரம். நான் நடுவில் நின்றிருந்தேன். நான் கையை நீட்டினால் தட்டு எட்டும். அவள் பேசினாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அந்த நேரம் பார்த்து என் முதுகுக்குப் பின்னால் அது கனைத்தது. பல வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்கு அது கேட்டது. ஆறு முறை கேட்டும் என் காதில் விழாதது அவளுக்கு இரண்டாம் முறையிலேயே விழுந்துவிட்டது.

பதினொரு நிமிடம் கழித்து ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். போன் பட்டியலில் நேரம் இருக்கும். மருத்துவர் சொன்ன நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆம்புலன்ஸ் வந்து தெருமுனையில் இருபது நிமிடம் நின்றது. கூட்டம் வழிவிடவில்லை. அதைப் பத்துப் பேர் படம் பிடித்தார்கள். எனவே ஊர்தான் அவளைக் கொன்றது என்று ஊரே சொல்லிக்கொண்டது. பேராசிரியர் எங்கள் ஸ்டூடியோவிலேயே அழுதார். அந்த முறை அவருடைய மைக்கை ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு என்னைக் கூட்டங்களுக்கு அழைக்கிறார்கள். பொதுவாழ்க்கையில் இருப்பவர்களின் அந்தரங்கத்தில் கை வைக்காதீர்கள் என்று பேசுகிறேன். நன்றாகப் பேசுவதாகச் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு கல்லூரியில் எழுந்து நின்று கை தட்டினார்கள். சொல்வதை நம்பித்தான் சொல்கிறேன். அந்த ஜனங்கள் அவ்வளவு சுலபமாக நம்பியிருக்கக் கூடாது. ஒருவன் ஒன்றை முன்னால் வைத்தால், யார் வைத்தது, ஏன் வைத்தது என்று கேட்டிருக்க வேண்டும். ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதில் எனக்கு அவர்கள்மேல் வருத்தம் உண்டு.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லாக் கூட்டத்திலும் கேட்பார்கள். "ஜனங்க மேல எனக்குக் கோபம் இல்ல. தண்ணி மட்டும் நிக்காம வரணும்." இதைத்தான் சொல்லிவந்தேன். புதிய தண்ணீர்த் தொட்டியின் சுவரில் அதையே பெரிதாக எழுதியிருக்கிறார்கள். அந்த வாக்கியம், அவளுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று நானே செய்தது.

நீங்கள் கேட்டது ஆடியோவைப் பற்றி மட்டும்தான். இன்ஹேலரைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஒன்றை எழுதிவிட்டு மற்றதை விடுவது அரைகுறை வேலை. நீங்கள் கொடுத்த தாளின் மேலே, நடந்ததை நடந்தபடியே எழுதவும் என்று அச்சடித்திருக்கிறது. அதனால் அவள் உண்மையில் கடைசியாகச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். மூச்சுக்காக அவள் நின்ற இடங்களை மட்டும் எடுத்துவிட்டேன். வார்த்தைகளைத் தொடவில்லை.

"அதுல மாமா கனைக்கிறாரு. பரவால்ல, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அதை மட்டும் எடுத்துக் குடு."