குமாரதாஸுக்கு இருபுறமும் வேலி

அமர்ந்திருக்கும் நாற்காலிக்கே அழகு சேர்க்கும் அவைத்தலைவர் ரசலையன் அவர்களே! ஜெபத்தை நீட்டி எங்கள் பசியைப் பக்குவப்படுத்தும் திருச்சபை மூப்பர்களே! கடையை அடைத்துவிட்டு வந்த வடசேரி வணிகப் பெருமக்களே, அடைக்காமல் வந்து மனத்தைத் தராசிலேயே விட்டுவந்தவர்களே! பாய் விரித்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் இந்த எளியவனின் ஏழு கடல் ஆழமுள்ள வணக்கம்.

என் அக்காள் மகள் ஞானபாய் நம் பெண்பள்ளியின் ஆங்கில ஆசிரியை ஆகிவிட்டாள். அதற்குத்தான் இந்த விழா. ஆனால் அந்த வேலை ஒரு நூலிழையில் தொங்கியது உங்களுக்குத் தெரியுமா? அந்த நூல் யார் தெரியுமா? அதோ, முன்வரிசையில் வடையோடு வாதாடிக்கொண்டிருக்கிறாரே, அவளுடைய கணவர், புதுக்கடைத் துணி வியாபாரி குமாரதாஸ்!

சென்ற மாதம் திருவனந்தபுரத்திலிருந்து பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தார். வந்தாரா? புயலல்லவா புகுந்தது! அவர் மீசையைக் கண்டு பள்ளிக்கூடத்துப் புளியமரம் பட்டப்பகலில் இலையை மூடிக்கொண்டது. "படித்ததையெல்லாம் திருப்பிக் கேட்பேன். தேறினால் வேலை, தேறாவிட்டால் வீடு" என்றார்.

முதலில் சொற்கள். குடை, கொக்கு, கரண்டி, கப்பல் என்று அவர் கேட்கக் கேட்க, ஞானபாய் ஆங்கிலத்தில் அள்ளிக் கொட்டினாள். பேச்சிப்பாறை அணை மதகு திறந்துவிட்டதோ என்று தோவாளை விவசாயிகள் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள்! யாரப்பா பின்னால் சிரிப்பது? கோலப்பனா? நீயும் மண்வெட்டியோடு வந்தவன்தானே, உட்கார்!

அடுத்து, பெயருக்குப் பதிலாக நிற்கும் சொற்கள். கரும்பலகையில் 'ஹி செல்ஸ் க்ளாத்' என்று எழுதினாள். அவர் துணி விற்கிறார். அழகான வாக்கியம்! ஆனால் இன்ஸ்பெக்டர் கேட்டார்: "யார் அந்த அவர்?"

"எனக்க வீட்டுக்காரரு சார்."

"நல்லது. 'ஹி'யை அழித்துவிட்டு அவர் பேரைப் போட்டு வாசி."

அம்மம்மா! சுழன்றுகொண்டிருந்த பூமி நின்றது! கணவன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்புகிறவர்கள் அல்லவா நம் பெண்கள்? ஆலயத்தில் நோயாளிகளுக்காக ஜெபிக்கையில் குமாரதாஸ் பேர் வந்தால், சேர்ந்து சொல்லாமல் இருமிச் சமாளிக்கிறவள் அல்லவா என் மருமகள்?

"தேவகனிஸ் ஃபாதர்" என்றாள், மகள் தேவகனியின் பேரை முன்னால் நிறுத்தி.

"அது உறவு. பேர் எங்கே?"

ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்ற அடுத்த வீட்டுச் செல்லபாய்க்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, சொல்லித் தொலை! ஒனக்க மாப்பிள்ள ஒடனே செத்தா போவாரு?"

"நீ ஒனக்க மாப்பிள்ள பேரச் சொல்லு, பாப்போம்!"

ஜன்னலில் கம்பி மட்டும் இருந்தது.

"பாடம் தெரியவில்லை" என்று இன்ஸ்பெக்டர் பென்சிலைத் தூக்கினார். அப்போது வாசலிலிருந்து ஒரு முழக்கம்: "எம்பேரு குமாரதாஸ், சார்! சொல்லிரு ஏட்டி! நான் கல்லு மாதிரி இருக்கேன்!"

"நீங்க சும்மா இருங்க" என்றாள் ஞானபாய்.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "கடைசிக் கேள்வி, மேற்கோள் குறி. அந்த மனிதர் தன் பேரைச் சொன்னாரே, அதை ஆங்கிலத்தில் எழுதி வாசி."

சுண்ணாம்புக் கட்டியை எடுத்தாள். 'ஹி செட்' என்று எழுதி ஒரு கால்புள்ளி வைத்தாள். வரியின் தலைக்குமேல் மேற்கோள் குறியாக இரண்டு குட்டிக் கொம்புகள். உள்ளே 'மை நேம் இஸ் குமாரதாஸ்'. முற்றுப்புள்ளி. மறுபடியும் கொம்புகள். திரும்பி நின்றாள். ஆலயமணிபோல் கணீரென்று வாசித்தாள்!

"இப்போது மட்டும் எப்படிச் சொன்னாய்?"

"நான் எங்க சார் சொன்னேன்? அவியதான் சொன்னாவ. அதான் ரெண்டு பக்கமும் வேலி போட்டிருக்கேனே! வேலிக்குள்ள கெடக்கது அவியளுக்க பாடு."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். மீசை இறங்கியது, புளியமரம் இலை விரித்தது, வேலை கிடைத்தது!

ஆண்சிங்கங்களே! நம் ஆயுளைத் தலைமுறை தலைமுறையாகப் பல்லுக்குப் பின்னால் பூட்டிக் காத்தவர்கள் இவர்கள். பதிலுக்கு நாம் என்ன செய்தோம்? பேரைச் சொன்னால் அவர்கள் ஆயுசு குறையும் என்று அஞ்சினோமா? அஞ்சவில்லை! ஆனாலும் சொன்னோமா? சொல்லவில்லை! 'ஏட்டி' என்றோம், 'இங்க வா' என்றோம், 'சோறு எங்க' என்றோம்!

குமாரதாஸ் அவர்களே, திங்கட்கிழமை சாப்பாட்டுப் பாத்திரத்தோடு பள்ளி வாசலில் நிற்பீர். காவல்காரன் 'யாரைப் பார்க்கணும்?' என்பான். 'ஏட்டியை' என்பீரா? எழும்பும் மாப்பிள்ளே! மாலையை எடும்! இந்தச் சபையறிய அவள் பேரைச் சொல்லி அவள் கையில் கொடும்!

என்ன, இருமுகிறீர்? வடையா? தண்ணீர், தண்ணீர் கொடுங்கள்!

ஆ! சொல்லிவிட்டார்! 'ஞானபாய் டீச்சர்' என்று சொல்லியே விட்டார்! தாய்மார்களே, அவளைப் பாருங்கள். ஏதாவது ஆயிற்றா? கல்லு மாதிரி இருக்கிறாள்!

என் பொய்களைப் பொறுத்து மெய்களுக்குச் சிரித்த உங்கள் அனைவருக்கும் நன்றி. வடை மிச்சமிருந்தால் எனக்கும் ஒன்று. வணக்கம்!