அடைகோழியும் ஐந்துக்கு ஒன்றும்

கையில் கடிகாரத்தோடு தலைமையேற்று அமர்ந்திருக்கும் எங்கள் ஒளிப்படக் கலைஞர் சங்கத் தலைவர் அப்துல் அஜீஸ் அண்ணன் அவர்களே! பிலிம் கழுவிக் கழுவியே கைரேகை தேய்ந்த மூத்தவர் நல்லக்கண்ணு ஐயா அவர்களே! படமெடுக்கப் போன கணவருக்காக ஆறிய சோற்றோடு காத்திருந்து பழகிய தாய்மார்களே! சார்ஜர் செருக இடம் தேடிப் பின்வரிசையில் அலைகிற தம்பிமார்களே! உங்கள் அனைவர் மீதும் அமைதி நிலவட்டும். நூர்ஜஹானின் சலாமும் வணக்கமும்.

அமைதி நிலவட்டும் என்று சொல்லிவிட்டேன். என்னிடம் அது இல்லை. பத்து நாளாக இருப்புக் கொள்ளவில்லை. நின்றால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. "ஆன்லைன்ல கேமரா சாமான் வாங்குறதப் பத்தி அஞ்சு நிமிசம் பேசும்மா" என்றார் தலைவர். பேசுகிறேன். ஐந்து நிமிடத்தில் அடங்குமா என்றுதான் தெரியவில்லை.

நிக்காஹ் வீட்டில் பெண்கள் பக்கம் படமெடுப்பவள் நான். ஆண் கேமராக்காரர்கள் வாசல்படி தாண்டாத கூடத்தில், மணமகளின் முகத்தைப் பார்க்க அனுமதி பெற்ற ஒரே கேமரா என் கேமரா. அந்த மங்கிய கூடத்துக்கென்றே ஒரு லென்ஸ் வாங்கினேன். எப்படி வந்தது தெரியுமா? டிவி கொள்ளும் பெட்டி! உள்ளே உள்ளங்கை அளவு லென்ஸ்! துணைக்கு ஒரே ஒரு காற்றுப் பை. அதிலும் காற்று இல்லை! குத்துவிளக்கை வைக்கோல் சுற்றிக் கடல் கடந்து அனுப்பும் கும்பகோணமய்யா இது! ஒரு கீறல் விழுந்து திரும்பி வந்ததுண்டா?

அது நோன்பு மாதம். கல்யாணம் கிடையாது. லென்ஸை அலமாரியில் வைத்தேன், பெட்டியை வாசலில் வைத்தேன். பக்கத்து வீட்டு நீலாம்பாள் அக்கா பார்த்துவிட்டார்.

"நூரு, இந்தப் பெட்டி ஒனக்கு வேணுமா? கோழி அடைக்கு வந்துருக்கு."

"எடுத்துக்கங்கக்கா."

வைக்கோல் பரப்பி, பதினோரு முட்டை வைத்து, கோழியை உட்கார்த்திவிட்டார். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் அப்போது சிரித்தேன்.

பெருநாளுக்கு மறுநாள், பார்சல் வந்த எட்டாம் நாள், லென்ஸை மாட்டினேன். இடப்பக்கம் தெளிவு; வலப்பக்கம் ஒரே மூட்டம். அசைத்தால் உள்ளே கலகலவென்று சத்தம். வரும் ஞாயிற்றுக்கிழமை நான் படமெடுக்க ஒப்புக்கொண்டிருந்த மர்யமுக்கு நிக்காஹ். அவள் அத்தா துபாயில், லீவு கிடைக்கவில்லை. "எம் புள்ள கல்யாணத்த ஒங் கண்ணாலதாம்மா நான் பாக்கணும்" என்று போனில் சொல்லியிருந்தார்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். அறிவுமதி என்று ஒரு பெண் பேசினாள்.

"அந்தப் பார்சல் பெட்டியோட திருப்பிக் குடுத்தாதான் மாத்தித் தருவோம் மேடம். இன்னும் ரெண்டு நாள்தான் டைம்."

"பெட்டியில கோழி அடை படுத்துருக்குங்க!"

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "பெட்டி கண்டிப்பா வேணும் மேடம்."

கோழியைக் கலைத்தால் பதினொன்றும் கூமுட்டை. கலைக்காவிட்டால் மர்யமின் அத்தாவுக்குக் கல்யாணக் காட்சி இல்லை. என்ன செய்தேன்? நீங்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். கத்தினேன். "ஏசி ரூம்ல உக்காந்துருக்க ஒனக்கு என்னா தெரியும், கோழியும் குஞ்சும்?" என்றேன். போனை வைத்ததும் மெசேஜ் வந்தது, எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை என்று. ஒன்று போட்டேன். பூஜ்யம் இருந்திருந்தால் அதைப் போட்டிருப்பேன்! இப்படி ஒன்று போட்டவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். அடேயப்பா! தலைவரும் தூக்குகிறாரே!

மறுநாள் காலை அதே குரல், தானாகவே அழைத்தது.

"அக்கா, அடை வச்சு எத்தன நாளாச்சு?"

"ஒன்பது."

"அப்பக் கலைச்சிராதீங்க. கீழ்வேளூர்ல எங்கம்மாவும் கோழி வளக்குது. மேல ஒட்டுன சீட்டு தெரியிற மாதிரி, கோழியோட பெட்டிய ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. லென்ஸ வேற பெட்டியில குடுங்க. மேல உள்ளவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

எத்தனையோ மணப்பெண்களை எடுத்த கை, அன்று அந்தக் கோழியைச் சீட்டோடு எடுத்து அனுப்பியது. சனிக்கிழமை புது லென்ஸ் வந்தது. ஞாயிறு மாலை படம் துபாய் போனது. மர்யமின் அத்தா போன் போட்டு அழுதார். நீலாம்பாள் அக்கா வீட்டில் ஒன்பது குஞ்சு பொரிந்தது. லென்ஸைக் காக்காத பெட்டி முட்டையைக் காத்தது. வைத்தவர் அக்கறையோடு வைக்கோல் வைத்தார், அவ்வளவுதான்.

நன்றி சொல்லப் போன் செய்தேன். "அவங்க இப்ப இங்க வேலையில இல்லீங்க" என்றது வேறொரு குரல். குஞ்சுகளின் படத்தோடு கீழ்வேளூருக்குப் பஸ் ஏறினேன். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டேன். அவள் அம்மா அம்சம் சொன்னார்: "அது நாத்துப் பறிக்கப் போயிருக்கும்மா. வர்ற நேரந்தான்."

சேற்றுக் காலோடு வந்தாள் பட்டம் படித்த அந்தப் பெண். "ஏம்மா வேலை போச்சு?"

"ஒரு மாசத்துல மூணு பேரு ஒண்ணு போட்டா வீட்டுக்குத்தான்க்கா."

"அதுல ஒண்ணு நாந்தாம்மா."

"தெரியும்க்கா. கம்ப்யூட்டர்ல ஒங்க பேரோடதான் வந்துச்சு. அதப் பாத்துட்டுத்தான் மறுநாள் கூப்புட்டேன்."

என் உறவுகளே! பொதிந்தவன் பொறுப்பில்லாமல் பொதிந்தான். அவனுக்கு மதிப்பெண் உண்டா? பெட்டி கேட்கும் விதியை எழுதியவர் யாரோ. அவருக்கு மதிப்பெண் உண்டா? போனை எடுத்தவளுக்கு மட்டும் ஏன்? அவள் வயிற்றில் அடித்த விரல் இது! இந்த விரலுக்குத்தான் அவள் வழி செய்து கொடுத்தாள்! எனக்கு எப்படி உறக்கம் வரும்? கேளுங்கள், நல்ல பொதியைக் கேளுங்கள்! சண்டை போடுங்கள், பொதிந்தவரோடு போடுங்கள்! ஆனால் விரலை அழுத்துமுன் அந்தச் சேற்றுக் காலை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்!

சீட்டு வருகிறது. நேரம் முடிந்ததாம். முடிக்கிறேன் அண்ணே. அறிவுமதியைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதிய கடிதம் இதோ. ஒன்று போட்டது என் தவறு என்று எழுதி, முதல் கையெழுத்தை நான் போட்டுவிட்டேன். இரண்டாவது வரி காலியாக இருக்கிறது. தலைவர் அவர்களே, அந்தக் கடிகாரத்தைக் கொஞ்சம் கீழே வையுங்கள். பேனாவை எடுங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றியும் சலாமும் வணக்கமும்.