ஆறு புதன்கிழமை

இல்ல ஜோங்மான் அண்ணே, நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. இருபத்தெட்டு வருஷமா இந்தக் கதைய நான் முழுசா நம்புனதில்லன்னுதான் சொல்றேன். ரெண்டும் ஒண்ணு இல்ல. கோவிச்சுக்காதீங்க. ஆரஞ்சு உரிச்சுத் தரவா?

நான் யாரா? நோட்டப் பாருங்க, கழுத்துலதான தொங்குது. புதன்கிழமைக்கு நேரா. ஆங், படிங்க. தேஹூன், தலை நரைச்சவன், ரெண்டு மணிக்கு வருவான். அது நான்தான். நரைச்சவன்னு எழுதுனது அண்ணி. உங்க வீட்டம்மாவுக்கு வாய் ஜாஸ்தி.

சரி, சிரிச்சிட்டீங்க. இப்பச் சொல்றேன்.

அப்ப எனக்கு இருபத்தஞ்சு. பட்டாளத்துல கட்டாய சேவைய முடிச்சிட்டுத் திரும்பக் காலேஜ்ல சேந்திருந்தேன். சமூகத் தொண்டுன்னு ஒரு பாடம். பரீட்சை கெடையாது. பத்து புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்து, தலைல அடிபட்டவங்களோட மூணு மணி நேரம் இருக்கணும், அவ்வளவுதான். எனக்கு உங்களக் குடுத்தாங்க. பாய்லர் மாட்டப் போன எடத்துல ஏணியோட விழுந்தவரு. காலைல தின்னது மத்தியானம் தெரியாது. அதுக்குத்தான் நோட்டு. யாரு வந்தா, என்ன பண்ணோம்னு வர்றவங்க அதுல எழுதணும். நோட்டுல இருந்தா உங்களுக்கு அது நடந்தது. இல்லேன்னா இல்ல.

நாலு வாரம் ஒழுங்காத்தான் வந்தேன். அப்புறம், காலேஜ் எதிர்க்க ஒரு பில்லியர்ட்ஸ் கடை. ஆமா, குச்சியால பந்தத் தட்டுற ஆட்டம். நீங்களும் ஆடுவீங்களா? பாத்தீங்களா, அது மட்டும் ஞாபகம் இருக்கு! பசங்க புதன்கிழமைதான் கூடுவானுங்க. நான் என்ன பண்ணேன், நாலாவது வாரமே உக்காந்து மிச்ச ஆறு வாரத்தையும் நோட்டுல எழுதிட்டேன். தேஹூன் வந்தான், ஓடைக்கரைக்குப் போனோம், கொக்கு பாத்தோம். தேஹூன் வந்தான், சீட்டாடுனோம், நீங்க ஜெயிச்சீங்க. இப்படியே ஆறு. காலேஜ் தாள்ல ஆறு கட்டத்துலயும், கையெழுத்துக்குப் பதிலா குத்துற உங்க பேர் முத்திரையக் குத்திக்கிட்டேன். நீங்கதான் டப்பாலேருந்து எடுத்துக் குடுத்தீங்க. மை காஞ்சிருக்கும், வாயால நல்லா ஊதிட்டுக் குத்துப்பான்னீங்க. ஊதிட்டுத்தான் குத்துனேன்.

முழுங்குங்க மொதல்ல. கொட்டைய என் கைல துப்புங்க, பரவால்ல.

கடைசி வகுப்புக்கு உங்களையும் அண்ணியையும் கூப்பிட்டிருந்தாங்க. நீங்க எழுந்து நின்னு, இப்பச் சொன்னீங்களே, இதே கதையச் சொன்னீங்க. ஓடைக்கரைல மழ புடிச்சுது. இந்தப் பையன் தன் கோட்டக் கழட்டி என் தலைல போட்டான். மீன் உருவத்துல சுடுற பன் வாங்கி, பயறு ரொம்பின தலப் பக்கத்த எனக்குக் குடுத்துட்டு வெறும் வாலத் தின்னான். வாத்தியார் கண்ணத் தொடச்சாரு. பசங்க கை தட்டுனானுங்க. நான் தலையக் குனிஞ்சேன். அடக்கம்னு நெனச்சிருப்பாங்க.

நோட்டுல நான் மழன்னு எழுதல அண்ணே. பன்னுன்னும் எழுதல. இந்த மாதிரி அடிபட்ட மூளை, ஓட்டை விழுந்த எடத்தத் தானே எதையாவது வச்சு அடைச்சுக்கும்னு டாக்டருங்க சொல்வாங்க. நானும் அதையே புடிச்சுக்கிட்டேன். எனக்கு அதுதான வசதி.

ஆனா எல்லாம் மறக்குற மனுஷனுக்கு இது ஒண்ணு மட்டும் எப்படி நிக்குது? அண்ணியே கேப்பாங்க. இந்த ஒரு ஞாபகத்துல இருக்குறது நான். அதையும் புடுங்கிட்டா உங்களுக்கு என்ன மிஞ்சும்னுதான் வாய மூடிட்டு இருந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அஞ்சு வருஷமா ஒரு புதன்கிழமை விடாம வர்றேன். அந்த ஆறு எப்பவோ தீந்துடுச்சு. தீரலியே.

எங்கயும் போகல, இருக்கேன். கைய விடுங்க, இந்தப் பையத் தொறக்கணும்.

என் பொண்ணு ஹாரினுக்கு இப்ப காலேஜ்ல இதே பாடம். போன வாரம் அலமாரிய ஒதுக்குறப்ப இத எடுத்தா. ஏம்ப்பா, இதோட கை உனக்கு மணிக்கட்டுக்கே வராதே, யாரோட கோட்டுன்னா.

அன்னிக்கு வகுப்பு முடிஞ்சதும் அண்ணி துவைச்சு மடிச்சு எங்கிட்டக் குடுத்தது. உன் கோட்டு தம்பி, நீ நல்லாருக்கணும்னாங்க. வாங்கிக்கிட்டேன்.

மழ புடிச்ச அந்தப் புதன்கிழமை நான் பில்லியர்ட்ஸ் கடைல இருந்தேன் அண்ணே. ஓடைப் பக்கமே வரல. நோட்டுல போனோம்னு படிச்சிட்டு நீங்க தனியாக் கெளம்பியிருக்கீங்க. புதன்கிழமைதான, தேஹூன் கூட்டிட்டுப் போயிருப்பான்னு இங்க யாரும் தேடல.

தொட்டுப் பாருங்க. மோந்து பாருங்க. அவசரமில்ல.

இத உங்க தலைல போட்டது யாருண்ணே?