குட்டியின் படம் கருத்த விதம்

வெயிலிலேயே படம் பதியும் இந்தக் காகிதம் இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. அதனால் நானே செய்துகொள்கிறேன். ஜெலட்டினில் உப்பும் கொஞ்சம் சிட்ரிக் அமிலமும் கரைத்துத் தாளில் தடவுவேன். காய்ந்ததும் மஞ்சள் விளக்கடியில் சில்வர் நைட்ரேட் பூசுவேன். பிறகு எல்லாம் வெயிலின் வேலை. நெகட்டிவை மேலே வைத்துச் சட்டத்தில் இறுக்கி ஜன்னலில் சாய்த்தால் போதும், படம் கண்ணெதிரே தானாக ஊறி வரும்.

ஆனால் உங்கள் அக்காவுக்கு நான் கொடுத்த படங்கள் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. எல்லாமே கருத்துப்போயின. ஏன் என்றுதானே கேட்கிறீர்கள்? உட்காருங்கள், சொல்கிறேன்.

அக்கா மகள் குட்டி காய்ச்சலில் இறந்துபோவதற்கு இரண்டு மாதம் முன்பு நான் எடுத்த படம் அது. குழந்தைக்கு வேறு படமே கிடையாது. அவள் போன பிறகு அக்கா வந்து அதைக் கேட்டார்கள். இந்த ஜன்னலோரம்தான் இருவரும் அரை மணி நேரம் நின்றோம். முதலில் தலைமுடி வந்தது, பிறகு சட்டையில் இருந்த பூக்கள், கடைசியில் கண்கள்.

"அண்ணே, என்னையே பாக்குறா பாருங்க, கள்ளி," என்று சிரித்தார்கள். இந்தக் கடையில் யாரும் சிரித்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

அடுத்த மாதம் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். தாள் முழுக்கக் காபிப்பொடி நிறம். "மூக்கு முழியே தெரியலண்ணே. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"ரொம்ப நேரம் வெளிச்சத்துல வச்சுப் பாத்திருப்பீங்கம்மா," என்றேன்.

அது பொய்யில்லை. வெளிச்சம் பட்டுத்தான் கருக்கும்.

புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்தேன். மறுபடியும் ஜன்னலோரம் அரை மணி நேரம். அதன்பின் மாதாமாதம் வந்தார்கள். வீட்டு ஜன்னல்களில் கம்பளி கட்டினார்கள். ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம், அதுவும் மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் பார்த்தார்கள். அப்படியும் கருத்தது. "பெத்தவ கண்ணே கொள்ளிக்கண்ணாயிருச்சேண்ணே," என்று தலையில் அடித்துக்கொண்டபோது எனக்கும் தாங்கவில்லை. "நெகட்டிவ் இருக்கு, நான் இருக்கேன்," என்று தேற்றினேன்.

போன மாதம் படத்தைத் தகர டப்பாவில் வைத்து மூடிக்கொண்டு, "இனிமே இதத் தொறக்கவே மாட்டேண்ணே. அவ பத்திரமா இருந்தாப் போதும்," என்றார்கள்.

அப்படியென்றால் இனி வரமாட்டார்கள். "கதவிடுக்குல வர்ற வெளிச்சமே போதும்மா, டப்பாவுக்குள்ளயே கருத்துரும். மாசம் ஒரு தடவை கொண்டுவந்து காட்டிருங்க," என்றேன். வரவழைக்கத்தான் சொன்னேன். அவர்கள் வீட்டுக்குப் போய் ஒவ்வோர் இடுக்காகத் துணி திணித்துப் பசை போட்டு அடைத்திருக்கிறார்கள். குளிருக்குக் கரியடுப்பையும் மூட்டியிருக்கிறார்கள்; புகை வெளியேற வழியே இல்லை. மறுநாள் கதவை உடைத்தவர் நீங்கள்தான், மீதி உங்களுக்கே தெரியும்.

மடியில் இருந்த டப்பாவில் குழந்தையின் முகம் பளிச்சென்று இருந்ததாகச் சொன்னீர்கள். பாருங்கள், நான் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

கருக்காமல் இருக்க வழியே இல்லையா என்கிறீர்கள். உண்டு. படத்தைக் கழுவி, ஹைப்போ கரைசலில் பத்து நிமிடம் போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். பிறகு நடுவெயிலில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. அந்த ஹைப்போ ஜாடி முதல் நாளிலிருந்தே அதோ, அவர்கள் நின்ற ஜன்னலுக்குக் கீழேதான் இருக்கிறது.