செத்த பொறுங்க, ஆள் வரும்

"எறங்குங்க! சீக்கிரம் எறங்குங்க!"

படகோட்டி கத்துகிறான். தூரத்தில் ரோந்துப் படகின் இரைச்சல். இன்னும் சரியாக வெளுக்கவில்லை. மன்னாரிலிருந்து தப்பி வருகிறோம். அங்கே ஷெல் விழுந்தபடி இருந்தது. முதலில் தூரத்தில் ஷெல் குத்தும் சத்தம். பிறகு விசில். பிறகு மண்.

தண்ணீர் முழங்காலளவு. நான், என் கணவர் அந்தோனி, எங்கள் சின்ன மகள், வேறு நான்கு பேர். காலடியில் மணல். கரை வந்துவிட்டது என்று நினைத்தேன். கரை இல்லை. தனுஷ்கோடிக்கு அப்பால், கடல் நடுவே கிடக்கும் மணல் திட்டு. படகைத் திருப்பிக்கொண்டே அவன் சொன்னான்.

"செத்த பொறுங்க. ஆள் வரும்."

பொறுத்தோம்.

வெயில் ஏறுகிறது. நிழல் இல்லை. குடிதண்ணீர்க் கேன் படகிலேயே போய்விட்டது. உச்சிப்புளிக் கடற்படைத் தளத்துப் பக்கமிருந்து ஒரு ஹெலிகாப்டர் வந்தது. சேலைத் தலைப்பை ஆட்டினோம். அது திரும்பவில்லை. மகள் அழுகையை நிறுத்தினாள். அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. மத்தியானம் அந்தோனி சட்டையைக் கழற்றி என்னிடம் தந்தார். அடுத்த திட்டுக்கு நீந்திப் போய், அங்கிருந்து கரையேறி ஆள் கூட்டி வருவதாகச் சொன்னார். பாதித் தூரம்வரை தலை தெரிந்தது. நீரோட்டம் இழுத்தது. பிறகு தெரியவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். மறுநாள் காலையில் மீன்பிடிக்க வந்தவர்கள் எங்களை ஏற்றிக்கொண்டார்கள்.

இன்றும் மண்டபம் அகதி முகாமில்தான் இருக்கிறேன். ஞாயிறு பூசையில் எல்லோரும் பரலோக மந்திரம் சொல்வார்கள். தீமை செய்தவர்களைப் பொறுக்கிற அந்த வரி வந்ததும் என் வாய் மூடிக்கொள்ளும். பொறுப்பதாம். அந்தச் சொல்லைக் கேட்டாலே படகோட்டியின் குரல்தான் எனக்குக் கேட்கும். சாமியார் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தால் எரிச்சல் வரும். அவருக்கென்ன, அவரா திட்டில் நின்றார்?

போன தவக்காலத்தில் பூசை முடிந்து ஒருவர் என் முன்னால் வந்து நின்றார். நரைத்துப்போன ஆள். வாயைத் திறந்ததுமே அந்தப் படகோட்டி என்று தெரிந்துவிட்டது. அன்றைக்கு யாரை அனுப்பினாய் என்று கேட்டேன்.

"யாரையும் இல்லக்கா. பயந்துபோயி சும்மா சொல்லிட்டேன். பொறுத்துக்கங்க."

அதே சொல். அறையலாம் போலிருந்தது. கை எழவில்லை. ஆள் வரும் என்று இத்தனை வருடம் நான் அந்தத் திட்டிலேயே நின்றிருக்கிறேன். கடைசியில் வந்த ஆள் இவர்தான்.

"பொறுத்திட்டன். போங்கோ," என்றேன். அழுதேன். அவருக்காக இல்லை.

அடுத்த ஞாயிறு அந்த வரியைச் சொன்னேன். முழுதாகச் சொன்னேன்.

திட்டில் இறங்கியவர்கள் ஏழு பேர். கரையேறியவர்கள் ஆறு பேர். அந்தோனியின் உடல் கிடைக்கவில்லை. சட்டை இருக்கிறது. இத்தனை வருடம் என்னோடு படுத்து எழும்பிய கோபம் இப்போது இல்லை. அதையும் போனதில் சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.