அவர்களே சமைத்துக்கொள்வார்கள்

மழைக்காலத்தில் அந்த வீட்டுக் கதவு கொஞ்சம் உப்பிக்கொள்ளும் ஐயா. கீழே காலால் ஒரு தட்டு தட்டித்தான் திறக்க வேண்டும். வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

பழைய கோட்டைச் சுவரை ஒட்டிய சந்தில் கடைசி வீடு. எந்தக் காலத்திலோ ஒரு தானிய வியாபாரி கட்டியது. பாரம்பரியக் கட்டடம் என்று நகரசபை வாசலில் பலகை மாட்டியிருக்கிறது. நான் ஒட்டியுள்ள சின்ன வீட்டில் இருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே முற்றம். ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் சில நாள் தங்குவார்கள். அடுப்பு, பாத்திரம், ஃபிரிட்ஜ் எல்லாம் உண்டு. அவர்களே சமைத்துக்கொள்வார்கள். சாவியைக் கொடுத்ததும் என் வேலை முடிந்துவிடும். கிளம்பும்போது அதை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பல பேருடைய முகம்கூட எனக்கு ஞாபகமில்லை.

என் மனைவி பல வருஷம் படுத்த படுக்கையாக இருந்தாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். அவள் போனதும், "இனிமேலாவது நிம்மதியா இருங்க" என்றார்கள். காலையில் எழுந்தால் கை தானாக வெந்நீர் போடும். அது ஆறும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

முதல் தடவை நடந்தது தற்செயல். நகரசபைத் தண்ணீர் வரவில்லை. முற்றத்துக்கு அடியில் யாரும் புழங்காத பழைய மழைநீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. பின்சுவரில் உள்ள வால்வைத் திருப்பினால் அந்தத் தண்ணீர் தங்க வருகிறவர்களின் சமையலறைக்கு வரும். திருப்பிவிட்டேன். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மனைவியோடு தங்கியிருந்தார். மறுநாள் அவருக்கு வாந்தியும் பேதியும். அந்த அம்மா ஓடிவந்து என் கதவைத் தட்டினார். கஞ்சி வைத்துக் கொடுத்தேன், போர்வைகளைத் துவைத்தேன், அவருக்குக் கால் பிடித்துவிட்டேன். பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள். போகும்போது அந்த அம்மா, "கூடப்பொறந்தவங்ககூட இப்படிப் பாக்க மாட்டாங்க" என்று கண்கலங்கினார்.

அதற்குப் பிறகு எப்போதாவதுதான் திருப்புவேன். நல்ல மனிதர்களாகப் பார்த்துத்தான். கொஞ்ச நாளில் மூடிவிடுவேன், தானாகச் சரியாகிவிடும். வால்வில் புது எண்ணெய் இருந்தது என்கிறீர்கள். ஆமாம், நான்தான் போட்டேன். போடாவிட்டால் கிறீச்சிடும்.

கடைசியாக வந்தவள் ஒரு தையல்காரப் பெண். மகளோடு வந்தாள். கடையில் லீவு கேட்டு வாங்கி, முதல்முறையாக வெளியூர் வந்திருந்தாள். குழந்தைக்கு முன்பல் விழுந்திருந்தது. வந்ததுமே என்னிடம் ஒட்டிக்கொண்டது.

"மாமா, இந்த வீட்டுல ராஜா இருந்தாரா?"

"இல்ல கண்ணு. தானிய வியாபாரி இருந்தாரு."

"அப்ப ராஜாவவிட நல்லா சாப்பிட்டிருப்பாரு."

சிரித்துவிட்டேன். சிரித்து எவ்வளவோ காலமாகியிருந்தது. மறுநாள் கிளம்பப்போவதாகச் சொன்னாள் தாய். அன்று மத்தியானமே வால்வைத் திருப்பினேன்.

தாய் டீ மட்டும்தான் குடிப்பாள். அதனால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழந்தை குழாயில் பிடித்து அப்படியே குடிக்கும்.

"அண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா? எனக்கு பயமா இருக்கு."

"சாதாரண வயித்துக் கோளாறுதாம்மா. அங்க போய்ப் படுத்தா வேற நோயும் தொத்திக்கும். நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன். குழந்தையை மடியில் போட்டு, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை ஸ்பூனால் ஊட்டினேன். என் வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர்தான் வந்தது. அதைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். இல்லை ஐயா, அவர்கள் குழாயில்தான் பிடித்தேன். குணமாகிவிட்டால் கிளம்பிவிடுவார்களே.

கண் உள்ளே போனது. அழுதால் கண்ணீர் வரவில்லை. தாய் என் பேச்சைக் கேட்காமல் ஒரு வண்டியை நிறுத்தியபோது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான். "ரெண்டு நாள் முன்னாடியே கொண்டுவந்திருக்கணும்" என்றார் டாக்டர். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் என் தோளில் சாய்ந்து, "நீங்க இல்லன்னா நான் தனியா என்ன பண்ணியிருப்பேன் அண்ணா" என்றாள். அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் வால்வை மூடினேன்.

நீங்கள் தண்ணீரைச் சோதித்தது அவளுக்கு இன்னும் தெரியாது என்கிறீர்கள். வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாளாம். நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் சொல்லும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் ஐயா. கேட்டதும் மயங்கி விழுந்துவிடுவாள். அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?